பத்து எண்ணுவதற்குள் என் கண் எங்கே போனது

போன மாதம் எங்கள் ஊர் டிரைவர்களுக்குள் ஒரு தகராறு. பஸ்ஸில் டேப் ரெக்கார்டர் வைத்துப் பாட்டுப் போடலாமா, போட்டால் டிரைவருக்குக் கவனம் சிதறுமா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். பென்ஷன் இல்லாமல் ரிட்டையரான ஆள், எந்தக் கட்சியிலும் சேர மாட்டான் என்ற நம்பிக்கையில் என்னிடம் பஞ்சாயத்துக்கு வந்தார்கள்.

"பாட்டு பாடட்டும். கேசட்டு தீந்து போனா திருப்பிப் போடறது யாரு கை?" என்று கேட்டேன்.

 பஞ்சாயத்து அதோடு முடிந்தது. ஆனால் அவர்களில் ஒருவர், "அண்ணே, இந்த மாதிரி கேள்வியெல்லாம் எங்க புடிச்சீங்க? எழுதிக் குடுங்க, சங்க மலர்ல போடறோம்" என்றார். அந்தக் கேள்விகளை நான் பிடிக்கவில்லை. அவைதான் என்னைப் பிடித்து உலுக்கின. அதைச் சொல்கிறேன்.

நான் பஸ் தொழிலுக்கு வந்தபோது தருமபுரி சேலம் ஜில்லாவில் இருந்தது. இரண்டு வருஷம் கிளீனராக வண்டி கழுவினேன். ஒரு வருஷம் ஹேண்டில் சுற்றி ஸ்டார்ட் செய்ததில் மணிக்கட்டு வீங்கியது. பிறகு லைசென்ஸ் வந்தது. வேலை கற்ற காலத்தைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. வீங்கிய மணிக்கட்டு எல்லா டிரைவருக்கும் ஒரே மாதிரிதான் வலிக்கும்.

எங்கள் கம்பெனிக்கு ஐந்து பஸ். முதலாளி வருஷத்தில் இரண்டு தடவை வருவார். மற்றபடி எல்லாம் மேனேஜர் சபாபதிதான். முதலாளியின் மைத்துனர். என்னைவிட இரண்டு வயது சின்னவர். காலேஜில் கொஞ்சம் படித்தவர். ஒல்லியாக, வெள்ளை வேட்டியில் மடிப்புக் கலையாமல் இருப்பார். பஸ் கம்பெனி மேனேஜருக்குப் பஸ் ஓட்டத் தெரியாது என்பதில் ஆச்சரியமில்லை. அவருக்குப் பஸ்ஸில் உட்காரவே முடியாது. ஏறி ஒரு மைல் போவதற்குள் வாந்தி. அதனால் எங்கே போனாலும் சைக்கிள்தான். பெண்ணாகரத்துக்கும் சைக்கிள், கம்பைநல்லூருக்கும் சைக்கிள். எங்கள் பஸ் அவரைத் தாண்டிப் போகும்போது ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்று கும்பிடுவார்.

யாரையும் திட்ட மாட்டார். கிளீனரைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுவார். ஆனாலும் அவர் ஷெட்டுக்குள் வந்து, "கொஞ்சம் உக்காருங்க, பத்து எண்ணிடலாம்" என்று சொன்னால், பெரிய மீசைக்காரர்களுக்கும் நாக்கு உலர்ந்துவிடும்.

பத்து எண்ணுவது என்பது இதுதான். எந்த வண்டி எதில் மோதினாலும், மரமோ மாட்டு வண்டியோ, மறுநாள் சாப்பாட்டு வேளைக்கு முன் ஷெட்டில் எல்லாரையும் கூட்டுவார். உடைந்துபோன பழைய பஸ் சீட் ஒன்று நடுவில் கிடக்கும். அதன் முன்னால் மூன்று செங்கல். கிளட்ச், பிரேக், ஆக்ஸிலேட்டர். இடது பக்கம் மணல் நிரப்பிய டின்னில் ஒரு கம்பு, அது கியர். கையில் ஒரு பித்தளைத் தாம்பாளம், அது ஸ்டியரிங். ஹாரனுக்கு மட்டும் நிஜ ரப்பர் பந்து ஹாரன் ஒன்றைக் கட்டி வைத்திருந்தார்.

மோதிய டிரைவர் முகம் கழுவிக்கொண்டு வந்து சீட்டில் உட்கார வேண்டும். மேனேஜர் எதிரே நின்று நிதானமாக எண்ணுவார். பத்து என்று சொல்லும்போது மோத வேண்டும். ஒன்றிலிருந்து ஒன்பது வரை ஒவ்வொரு எண்ணுக்கும் கை எங்கே, கால் எங்கே, கண் எங்கே என்று நடித்துக் காட்ட வேண்டும். ஏன் மோதினாய் என்று கேட்கவே மாட்டார். "ஏன்னு கேட்டா கதை சொல்லுவீங்க. எங்கேன்னு கேட்டா காட்டித்தான் ஆகணும்" என்பார்.

முதல் தடவை நான் பார்த்தது முனுசாமி அண்ணனின் விசாரணை. அவர் வண்டி பாப்பாரப்பட்டிக்குப் போகிற வழியில் ரோட்டோரப் புளிய மரத்தில் சாய்ந்து நின்றது. மாடு குறுக்கே வந்தது என்று சாதித்தார்.

"சரிங்க, மாடு வரட்டும். நான் எண்ணறேன்" என்றார் மேனேஜர். "ஒண்ணு."

முனுசாமி அண்ணன் இரண்டு கையாலும் தாம்பாளத்தைப் பிடித்திருந்தார்.

"மூணு."

இடது கை மெதுவாக இடுப்புக்குப் போனது. வெற்றிலைப் பை.

"அஞ்சு."

வெற்றிலை தொடை மேல். சுண்ணாம்பு டப்பி இடது கையில்.

"டப்பியை எப்படிங்க திறந்தீங்க?"

முனுசாமி அண்ணன் யோசித்தார். பிறகு வலது கையும் தாம்பாளத்தை விட்டு டப்பிக்கு வந்தது. தாம்பாளம் 'டணார்' என்று கீழே விழுந்து, உருண்டு போய் மேனேஜரின் காலடியில் நின்றது.

"அப்ப ஸ்டியரிங்கை யாரு புடிச்சிருந்தாங்க?"

"முழங்காலுங்க" என்றார் முனுசாமி அண்ணன், மிகவும் மெல்லிய குரலில்.

ஷெட்டே சிரித்தது. மேனேஜர் சிரிக்கவில்லை. "மாடு வந்தது எத்தனாவது எண்ணுலங்க?" என்று மட்டும் கேட்டார். மாடு வரவே இல்லை. அன்றிலிருந்து எங்கள் வண்டிகளில் வெற்றிலை மடிப்பது கண்டக்டர் வேலை. அதுவும் வண்டி நிற்கிற இடத்தில்தான்.

இன்னொரு டிரைவர் இருந்தார். ஒரே இடத்தில் மூன்று தடவை வண்டியைப் பள்ளத்தில் இறக்கினார். பத்து எண்ணிப் பார்த்ததில் மூன்று தடவையும் ஆறாவது எண்ணில் அவர் கழுத்து வலது பக்கம் திரும்பியது. அங்கே என்ன இருக்கிறது என்று மேனேஜர் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இருந்தது அந்த டிரைவரின் சொந்தக் கொல்லை. நிலக்கடலை போட்டிருந்தார். பக்கத்துக் கொல்லைக்காரன் ஆடு புகுந்திருக்கிறதா என்று ஒவ்வொரு டிரிப்பிலும் பார்த்துக்கொண்டே போயிருக்கிறார். மேனேஜர் அவருக்கு ரூட்டை மாற்றிக் கொடுத்தார். "கடலை புடுங்கின பிறகு பழைய ரூட்டுக்கு வந்துக்குங்க" என்றார்.

இப்படி மற்றவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நான் ஆறு வருஷம் ஓட்டினேன். அந்தச் சீட்டில் எனக்கு வேலையே இல்லை என்று நினைப்பு.

அப்புறம் உலக யுத்தம். பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்து, பஸ்ஸெல்லாம் கரி வண்டியாயின. பின்னால் தகர அடுப்பு ஒன்றைக் கட்டி, அடுப்புக்கரி போட்டு, விசிறிச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி கேஸ் உண்டாக்கி ஓட்ட வேண்டும். முகம், கழுத்து, காது எல்லாம் கரி. மேட்டில் பிரயாணிகள் இறங்கித் தள்ளுவார்கள். சமதரையில்கூட ஒரு ஆள் ஓடினால் எங்களோடு கூடவே வரலாம். இந்த வேகத்தில் என்ன ஆகிவிடும் என்று எல்லாரும் நினைத்தோம். வண்டி மெதுவாகப் போனதும் கண்ணுக்கு வேலை குறைந்தது. வேலை குறைந்த கண் ஊர் சுற்றப் போனது.

ஓர் ஐப்பசி மாதத்துக் காலை. பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து தருமபுரிக்கு வண்டியைக் கிளப்பினேன். என் பக்கத்தில் இருந்த முன் சீட்டில் புதிதாக ஒருவர் ஏறி உட்கார்ந்தார். ஐம்பது வயது இருக்கும். வெளுத்த தலைப்பாகை, மடியில் குடை, விவசாயக் குடும்பத்துப் பெரிய மனிதர் என்று பார்த்தாலே தெரிந்தது. பெயர் மாரப்பர் என்று பிறகுதான் தெரியும்.

"தம்பிக்கு எந்தூருங்க?"

"தருமபுரிதானுங்க."

"வூட்ல எத்தனை பேருங்க?"

"நானும் ஆத்தாளுந்தானுங்க."

"ஆத்தாளுக்கு இருமல் இப்பத் தேவலைங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவுக்கு இருமல் என்பது எங்கள் வீட்டுக்கும், எனக்குப் பெண் தேடிக்கொண்டிருந்த மாமாவுக்கும் மட்டுமே தெரியும். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஒரு நல்ல இடம் இருக்கிறது, பெண்ணின் அப்பா ஒரு நாள் வந்து பார்ப்பார் என்று மாமா சொல்லியிருந்தார். வீட்டுக்கு வருவார் என்று நினைத்தேன். பஸ்ஸில் வந்து பக்கத்தில் உட்காருவார் என்று யார் கண்டது?

எனக்கு வயது இருபத்தெட்டு. அந்தக் காலத்துக் கணக்கில் அது முற்றிப்போன வயது. முதலில் சட்டைக் காலரைச் சரி செய்தேன். மூக்கில் கரி இருக்குமே என்று நினைத்துக் கையால் துடைத்தேன். கையில் இருந்த கரியும் மூக்குக்கு வந்தது. அவர் கேட்டுக்கொண்டே வந்தார், நான் சொல்லிக்கொண்டே வந்தேன். ஏரிக்கரை வளைவு வந்தபோது அவர் குரலைத் தணித்துக்கொண்டு, "தப்பா நினைக்காதீங்க. கெட்ட பழக்கம் ஏதாச்சும் உண்டுங்களா?" என்றார்.

ரோட்டைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னால் எதையோ மறைக்கிற மாதிரி இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அதனால் முழு முகத்தையும் அவர் பக்கம் திருப்பி, கண்ணோடு கண் பார்த்து, "ஒண்ணுங் கிடையாதுங்க" என்றேன்.

'தட்' என்று ஒரு சத்தம். கண்டக்டர் கத்தினார். நான் பிரேக்கை அழுத்தி எட்டிப் பார்த்தபோது ரோடெல்லாம் வெள்ளையாக இருந்தது. உப்பு. ஒரு மூங்கில் கூடை கவிழ்ந்து கிடந்தது. ரோட்டோரப் பள்ளத்தில் ஒரு பெண் இடது கையை மடியில் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சித்தேரி மலைக்காரப் பெண். பெயர் வெள்ளச்சி. நாற்பது வயது. புருஷன் இல்லை. ஒரே மகளும் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். மலையில் எடுத்த கடுக்காயையும் புளியையும் கீழ்நாட்டில் விற்று, உப்பு வாங்கிக்கொண்டு மலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். வண்டியின் மட்கார்டு இடித்ததில் முன்கை எலும்பு முறிந்துவிட்டது. அவளை அதே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். எலும்பு கட்டுகிறவர் மூங்கில் பட்டை வைத்துக் கட்டியபோது ஒரே ஒரு தடவை பல்லைக் கடித்தாள்.  வண்டி இன்னும் ஒரு முழம் ஓரத்துக்கு வந்திருந்தால் கூடையோடு தலையும் போயிருக்கும்.  மாரப்பர் குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை, அவரும் போகவில்லை.

இந்த விசாரணை மட்டும் மறுநாள் நடக்கவில்லை. மேனேஜர் சைக்கிளை அடிவாரத்தில் போட்டுவிட்டு மலைக்கு நடந்து ஏறி, வெள்ளச்சியைப் பார்த்து, வலி குறைந்ததும் வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டு வந்தாராம். பத்து நாள் கழித்து அவள் கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தாள். மாரப்பரும் வரவழைக்கப்பட்டிருந்தார். ஐந்து பஸ் ஆட்களும் சுவரோரம் நின்றார்கள். முனுசாமி அண்ணன் முதல் வரிசையில்.

நான் முகம் கழுவிக்கொண்டு போய்ச் சீட்டில் உட்கார்ந்தேன். தாம்பாளம் அவ்வளவு கனமாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. மாரப்பரை என் பக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார் மேனேஜர். வெள்ளச்சியைப் பத்தடி தள்ளி எதிரே நிறுத்தினார்.

"ஐயா, நீங்க அன்னிக்கு என்னென்ன கேட்டீங்களோ அதை அப்படியே கேளுங்க. நான் எண்ணறேன்."

மாரப்பர் சுவரோரம் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். "எல்லாத்தையும்ங்களா?"

"எல்லாத்தையும்ங்க."

வேறு வழியில்லை. ஊர் கேட்டார். வீட்டில் எத்தனை பேர் என்றார். ஆத்தாளின் இருமலை விசாரித்தார். அதற்குள் ஷெட்டுக்கு விஷயம் விளங்கிவிட்டது. "அட, பொண்ணு பாக்கற வேலை! மாப்பிள்ளே!" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். என் காது சுட்டது. மேனேஜர் கையை உயர்த்தினார். 

"ஏழு."

"கெட்ட பழக்கம் ஏதாச்சும் உண்டுங்களா?" என்றார் மாரப்பர், தரையைப் பார்த்து.

"எட்டு. திரும்புங்க. எவ்வளவு திரும்பினீங்களோ அவ்வளவு."

நான் கொஞ்சம் திரும்பினேன். கால் பங்கு. "ஒண்ணுங் கிடையாதுங்க."

"அவ்வளவுதானா?" என்று மேனேஜர் வெள்ளச்சியைக் கேட்டார்.

"இல்ல. இன்னும்" என்றாள் அவள்.

இன்னும் கொஞ்சம் திரும்பினேன்.

"இன்னும் திரும்பு. எனக்கு அன்னிக்கு உன் காதுதான் தெரிஞ்சுது."

முழுதும் திரும்பினேன். 

"அதான். அப்படித்தான்" என்றாள். பிறகு மேனேஜரைப் பார்த்துச் சொன்னாள்: "மலையிலேர்ந்து எறங்கறவங்க நாங்க சக்கரத்தைப் பாக்க மாட்டோம். ஓட்டறவன் மூஞ்சியத்தான் பாப்போம். அவன் கண்ணு எம்மேல பட்டுதுன்னா, பாத்துட்டான், ஒதுங்கிப் போவான்னு நான் நடப்பன். இவன் பாப்பான் பாப்பான்னு நின்னன். காதை வச்சிக்கிட்டு எங்கிட்ட வந்தான்."

மேனேஜர் ஒன்பதும் சொல்லவில்லை, பத்தும் சொல்லவில்லை. என் கையிலிருந்து தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார்.

எனக்குச் சொல்ல ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது. "நான் பாக்கலீங்க" என்றேன். அதைச் சொல்லும்போது, லைசென்ஸ் போய்விடும் என்ற பயத்தைவிட, மாரப்பர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்ற வெட்கம்தான் பெரிதாக இருந்தது.

மாரப்பர் எழுந்து நின்று, "கேட்டது நானுங்க. தப்புல பாதி என்னுது" என்றார்.

"உங்க கையில ஸ்டியரிங் இல்லீங்களே" என்றார் மேனேஜர். பிறகு வெள்ளச்சியிடம், "வேணும்னா போலீஸ்ல கேஸ் குடுக்கலாங்க. உங்களுக்கு என்ன செய்யணும்னு நீங்கதான் சொல்லணும்" என்றார்.

"கேசு எனக்கு எதுக்கு? கோர்ட்டு வந்து சாமை அறுக்குமா? கதிரு முத்தி நிக்குது. எனக்கு ஒரு கை இல்ல. இவனை அனுப்பு."

அப்படித்தான் தீர்ப்பானது. இரண்டு மாதம் எனக்கு ஸ்டியரிங் கிடையாது. ஷெட்டில் கரி உடைத்துச் சலிக்கும் வேலை. வெள்ளச்சியின் சாமை அறுத்து முடியும் வரை மலை. அதோடு இன்னொரு உத்தரவு: எங்கள் பஸ் எல்லாவற்றிலும் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் இனிமேல் மனிதர் உட்காரக்கூடாது, கரி மூட்டைதான். "மூட்டை எதுவும் கேக்காதுங்க" என்றார் மேனேஜர். அவர் சிரித்து நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான்.

மலையில் எனக்கு ஆறு நாள் வேலை. சமவெளியில் பிறந்தவன் சரிவில் நின்று அறுப்பதே பெரிய பாடு. வெள்ளச்சி ஒரு பாறையில் உட்கார்ந்து மேற்பார்வை செய்வாள். முதல் நாளே, "உன்னைப் பாக்க வந்த ஆளு என்ன ஆனான்? பொண்ணு குடுக்கறானா?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தலையை நிமிர்த்தினேன். அரிவாள் விரலைப் பதம் பார்த்தது.

அவள் பாறையிலிருந்து இறங்கி வந்து பச்சிலை கசக்கிக் கட்டிவிட்டாள். "காரு ஓட்டச் சொன்னாலும் இப்படி, கதிரு அறுக்கச் சொன்னாலும் இப்படி. யாராச்சும் கூப்பிட்டா உங்க ஆத்தா உன்னை உடனே திரும்பிப் பாக்கச் சொல்லி வளத்துட்டா போல. நல்ல வளப்புத்தான். நின்னுட்டுத் திரும்பு" என்றாள். நான் அதற்குப் பிறகு மலையில் வாயே திறக்கவில்லை. கடைசி நாள் அவள் களி கிண்டிப் போட்டாள். என் தட்டில் உப்பு குறைவாக இருந்தது. காரணம் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

ஷெட்டில் ஒரு நாள் கரி சலித்துக்கொண்டிருந்தேன். பல்லைத் தவிர மற்றதெல்லாம் கறுப்பு. எதிரே மாரப்பர் வந்து நின்றார். நான் எழுந்தேன்.

"உக்காருங்க தம்பி. நான் கேட்டதுக்கெல்லாம் அன்னிக்கே பதில் வந்துடுச்சு. ஒண்ணே ஒண்ணுதான் தப்பாச் சொன்னீங்க."

"எதுங்க?"

"கெட்ட பழக்கம் கிடையாதுன்னீங்களே. கண்ணு ஒரு பக்கம் வண்டி ஒரு பக்கம் போறது கெட்ட பழக்கம் இல்லீங்களா?"

"விட்டுட்டனுங்க."

"அப்படின்னா தை மாசம் வெச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார்.

கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு என் மனைவியை நான் ஓட்டிய பஸ்ஸிலேயே அழைத்துப் போனேன். எனக்குப் பின் சீட்டில் அவள். வழியில் நாலு தடவை ஏதோ கேட்டாள். நான் திரும்பவில்லை, பதிலும் சொல்லவில்லை. ஊர் போய் இறங்கியதும், "அவருக்கு என்னைப் புடிக்கலப்பா" என்று அவள் அப்பாவிடம் அழுதிருக்கிறாள். மாரப்பர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "பொண்ணே, நல்லா ஓட்டறாருன்னு அர்த்தம்" என்றாராம். அவள் நம்பியது அடுத்த வருஷம்தான்.

வெள்ளச்சியை அந்தக் கோடையில் ரோட்டில் பார்த்தேன். அதே ஏரிக்கரை வளைவு. தலையில் புளிக்கூடை. தூரத்திலேயே அவள் கண்ணைப் பார்த்தேன். அவளும் என் கண்ணைப் பார்த்தாள். ஒதுங்கிப் போகத் தயாரானேன். ஆனால் அவள் ஒதுங்காமல், முறிந்து கூடிய இடது கையைத் தூக்கி வண்டியை நிறுத்தினாள். அதுவரை அவள் பஸ்ஸில் தானாக ஏறியதே இல்லை. புளியோடு ஏறி எனக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள்.

"அக்கா, கை தேவலையா?" என்றேன், கியரைப் போட்டபடியே.

 கையை நீட்டி ரோட்டைக் காட்டினாள். தருமபுரி வரைக்கும் ஒரு வார்த்தை இல்லை. பக்கத்திலிருந்தவர்கள் ஊமை என்று நினைத்திருப்பார்கள். ஷெட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, எஞ்சினை அணைத்தேன்.

"கை தேவலை" என்று ஆரம்பித்தாள். "சாமை வூட்டுக்கு வந்துடுச்சு. நீ அறுத்த பக்கம் பாதிக் கதிரு தாளோட நின்னுடுச்சு, நான் ஒத்தைக் கையாலே மறுபடி அறுத்தன். கல்யாணம் ஆயிடுச்சாமே? பொண்ணு கறுப்பா சிவப்பா? சண்டை போடறாளா? உங்க ஆத்தா இருமறது நின்னுதா? மலையில ஒரு வேர் இருக்குது, கொண்டாந்து தரன். என் மவளுக்குப் புள்ள பொறந்திருக்குது..."

அடுத்த டிரிப்புக்குப் பிரயாணிகள் ஏறக் காத்திருந்தார்கள். கண்டக்டர் இரண்டு தடவை விசில் ஊதினார். வெள்ளச்சி காதில் வாங்கவில்லை. சத்தம் கேட்டு மேனேஜர் வெளியே வந்து, பையிலிருந்த கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். நான் பயந்துகொண்டே அவரைப் பார்த்தேன். அவர் கடிகாரத்தை மறுபடி பையில் போட்டுக்கொண்டார்.

"பேசிட்டு வாங்க. வண்டி நின்னுக்கிட்டுத்தானே இருக்குது" என்றார்.